சைக்கிள் சாய்க்க ஒரு கட்டை

ஐம்பத்தோரு வயதில் நான் தினமும் காலை குளியலறைக் கண்ணாடி முன் நின்று, "நான் சிங்கம். எனக்குத் தடையே கிடையாது" என்று மூன்று முறை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், வாயில் பற்பசை நுரையோடு. நாற்பது நாள் இது நடந்தது. கூடுவாஞ்சேரியில் எங்கள் அடுக்ககத்தில் எல்லாக் குளியலறைச் சன்னல்களும் ஒரே காற்றுக் கூண்டுக்குள்தான் திறக்கும்; ஒரு வீட்டில் பேசினால் எல்லா மாடிக்கும் கேட்கும். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் சிங்கமாக இருக்கும்போது அந்த மாதிரி விஷயங்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை. முப்பதாம் நாள் வாக்கில் இரண்டாம் மாடி அம்மாள் என் மனைவியிடம், "சார் எதனா டிராமால நடிக்கிறாரா? ஒரே டயலாக்கத்தான் சொல்லிகினு கீறாரு" என்று விசாரித்திருக்கிறார். "இப்போதைக்கு அவ்வளவுதான் குடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு வந்தாராம் என் மனைவி.

இந்தச் சிங்கம் பிறந்தது மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு விடுதியின் குளிரூட்டிய கூடத்தில். இரண்டு நாள் பயிலரங்கு. வெற்றி என்பது மனப்பாங்கு, மனப்பாங்கு என்பது வேட்கை, வேட்கை என்பது மறுபடியும் வெற்றி என்று கன்னத்தில் ஒட்டிய மைக்கோடு ஒருவர் மேடையில் நடந்துகொண்டே விளக்கினார். வாழ்நாள் முழுக்கப் படித்தே பொழுதைக் கழித்த என் போன்றவனுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. வெற்றி பெறுவது எப்படி என்னும் புத்தகங்கள் மட்டும் வீட்டு அலமாரியில் ஒன்றேகால் தட்டு இருக்கின்றன. ஆனால் படிக்கும்போது வராத கண்ணீர் அங்கே வந்தது. கடைசியில் ஆளுக்கொரு மெல்லிய பலகையைக் கொடுத்து, அதில் நம் பயத்தை எழுதி ஒரே குத்தில் உடைக்கச் சொன்னார்கள். கூடத்தில் இருந்த எல்லார் பலகையும் உடைந்தது. என்னுடையது உடையவில்லை. "அக்கம்பக்கம் பாக்காதீங்க, உள்ள பாருங்க" என்றார் பயிற்சியாளர். உள்ளே பார்த்து இன்னொரு முறை குத்தினேன். விரல்தான் வீங்கியது. அதையும் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்து மனைவியிடம் சொன்னேன், வேலையை விடப்போகிறேன் என்று. இருபத்தாறு வருடமாக மென்பொருள் அலுவலகத்தில், யாரோ எழுதுவதைச் சோதித்துப் பார்க்கும் வேலை. இனி கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறுதானியக் கூழ்க் கடை. சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை விடிகாலையில் கூட்டம் கூட்டமாக சைக்கிளில் வருகிறார்களே, தலைக்கவசமும் இறுக்கமான கால்சட்டையுமாக, அவர்கள் உடம்பைப் பேணும் மனிதர்கள். ஐம்பது கிலோமீட்டர் மிதித்து வருகிறவனுக்கு என்ன வேண்டும்? கம்பங்கூழ். இதைவிடத் தெளிவான திட்டம் ஒன்று இருக்க முடியுமா?

என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார். "மூணு மாசம் சம்பளமில்லாத லீவு போடுங்க. ராஜினாமா லெட்டரை இப்பவே எழுதிக் குடுங்க, தேதி போட வேண்டாம். என் பீரோவுல இருக்கட்டும். மூணு மாசம் கழிச்சு ஒண்ணு லெட்டர் ஆபீசுக்குப் போகணும், இல்ல நீங்க போகணும். ரெண்டுல ஒண்ணு."

எழுதிக் கொடுத்தேன். கடிதம் போகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தோற்றுப்போய்த் திரும்பி, அலுவலகத்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து, எல்லார் முகத்தையும் பார்ப்பதை மட்டும் நினைக்கவே கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

பாத்திரத்துக்கு என் பள்ளித் தோழனிடம் போனேன். செங்கல்பட்டு கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக வாடகைப் பாத்திரக் கடை நடத்தும் முஸ்லிம் குடும்பம். அந்த வட்டாரத்தில் நிக்காஹ், கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு எதுவானாலும் அவன் கடை அண்டாவில்தான் சோறு வேகும்.

"மச்சான், கூழுன்றியே, அவனுங்க கேட்டானுங்களா?" என்றான்.

"கேக்க மாட்டாங்க. நாமதான் தேவையை உருவாக்கணும்."

"எங்க கல்யாண வூட்ல கூட, மொதல்ல ஆளு எத்தினி, இன்னா துன்னுவாங்கன்னு கேட்டுட்டுதான்டா அண்டா எடுப்பாங்க."

"அது பழைய மனப்பாங்கு."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நடுத்தர அளவில் ஓர் அண்டாவைத் தள்ளினான். "எட்த்துனு போ. ஆனா வாராவாரம் கொண்டாந்து காட்டு. வெளக்காத கொண்டா" என்றான். ஏன் விளக்காமல் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கு நேரமில்லை, நான் சிங்கம்.

அண்டா காரின் முன் சீட்டில் பயணம் செய்தது. பின் சீட்டில் வைத்தால் கூழ் தளும்பியது. முன் சீட்டில் வைத்தால் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கார் கத்தியது. ஆகவே அண்டாவுக்கு சீட் பெல்ட் போட்டேன். விடிகாலை இருட்டில் திருப்போரூர் வழியாக அண்டாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவோம். சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மேடம் யாரு சார்?" என்றார்.

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், சவுக்குத் தோப்பு ஓரமாக, பிரதான சாலைக்கும் கடலுக்கும் இடையில் என் கடை. பளபளவென்று ஒரு பெயர்ப் பலகை, அதில் ஒரு சூரியகாந்தி, மூங்கில் மேசை, மண் குவளைகள். பக்கத்திலேயே இருபது அடி தள்ளி ஒரு இட்லிக் கடை. நடத்துகிறவர் அருகிலுள்ள மீனவக் குப்பத்துப் பெண்மணி. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். ஆனால் அந்தச் சாலையில் எல்லாருக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா. பலகை கிடையாது, பெயர் கிடையாது. ஒரு நீலத் தார்ப்பாய், இரண்டு அடுப்பு. ஒன்றில் இட்லி, ஒன்றில் வடை. நல்லெண்ணெய் மிதக்கும் மீன் குழம்பு ஒரு தூக்கில்.

முதல் சனிக்கிழமை ஆறரைக்கு முதல் கூட்டம் வந்தது. பதினைந்து பேர். வியர்வையில் மின்னும் உடம்பைப் பேணும் மனிதர்கள். என் பலகையைப் படித்தார்கள், ஒருவர் அதைப் படம்கூட எடுத்தார். பிறகு பதினைந்து பேரும் அக்கா கடைக்குப் போய் ஆளுக்கு ஆறு இட்லி, மூன்று வடை, மீன் குழம்பை மேலே ஊற்றச் சொல்லி நின்றபடியே சாப்பிட்டார்கள். இட்லியில் குழம்பு ஊற்றியவர்களில் ஒருவர் இருதய மருத்துவர் என்று பிறகு தெரிந்தது.

நான் தளரவில்லை. வாரத்தில் ஏழு நாளும் கடை திறந்தேன். அக்கா திங்கள் முதல் வெள்ளி வரை வரமாட்டார். அதைக் கண்டு எனக்கு உள்ளூர ஒரு பரிதாபம். வேட்கை போதவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். வார நாட்களில் அவர் கல்பாக்கம் குடியிருப்புப் பக்கம் மீன் விற்கப் போகிறார் என்பதோ, வார நாட்களில் அந்தச் சாலையில் ஒரு சைக்கிள்கூட வராது என்பதோ எனக்கு உறைக்க இரண்டு வாரம் ஆயிற்று. வார நாட்களில் என் நிரந்தர வாடிக்கை ஒரு செம்பட்டை நாய். அதுவும் கூழை முகர்ந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, நாகரிகமாக விலகிவிடும். கல்பாக்கம் ஊழியர் பேருந்துகள் மட்டும் வேகமாகப் போகும். சன்னல் ஓரத்தில் தூங்கும் தலைகள்.

"இன்னா சார், கூழு ஓடுதா?" என்பார் அக்கா, ஞாயிறு எட்டரை மணிக்குத் தன் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே.

"மெதுவா சூடு பிடிக்கும்க்கா."

"சூடா கீற கூழ எவன் சார் குடிப்பான்?"

வாராவாரம் காட்டச் சொன்னதை மறந்து, ஒரு மாதம் ஆனதும்தான் விளக்காத அண்டாவோடு செங்கல்பட்டு போனேன். நண்பன் அதைச் சாய்த்து, உள்ளே வெளிச்சம் படும்படி திருப்பிப் பார்த்தான். அவன் குடும்பத்துத் தொழில் ரகசியம் இதுதான் என்று அன்றுதான் தெரிந்தது. விருந்தில் எது ருசித்தது, எது ருசிக்கவில்லை, எவ்வளவு மிஞ்சியது என்பதெல்லாம் விளக்காத பாத்திரத்தில் எழுதியிருக்கும். அதைப் படித்தே எந்தச் சமையற்காரரை யாருக்குச் சிபாரிசு செய்யலாம் என்று முடிவு செய்வார்களாம்.

"பாரு" என்று விரலால் காட்டினான். அண்டாவின் வாய்க்குச் சற்றுக் கீழே வட்டமாக ஒரே ஒரு காய்ந்த கோடு. "கரண்டி வுட்டு மொண்டிருந்தா கோடு கோடா எறங்கிகினே வந்துருக்கும். இது வச்ச எடத்துல வச்ச மாதிரி காஞ்சி கீது. இத்த யாரும் தொடக்கூட இல்லடா."

"ஒருத்தர் குடிச்சார்."

"யாரு?"

"நான்தான்."

"அதானே பாத்தேன், இந்தாண்ட ஒரு சின்ன நெளிவு கீது" என்றான்.

பிறகு வந்தது என் வாழ்வின் மகத்தான ஞாயிற்றுக்கிழமை. அன்று அக்கா வரவில்லை. நீலத் தார்ப்பாய் விரிக்காமல் இடம் காலியாகக் கிடந்தது. ஏழு மணிக்கு நாற்பது சைக்கிள்கள். அக்காவின் இடத்தைப் பார்த்தார்கள், கைபேசியைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள், கடைசியாக என்னைப் பார்த்தார்கள். எட்டு மணிக்குள் அண்டா காலி. மண் குவளை போதாமல் தண்ணீர்ப் பாட்டிலை வெட்டி அதில் ஊற்றினேன். திரும்பி வரும்போது காரில் உரக்கப் பாடினேன். அண்டாவுக்கு சீட் பெல்ட் போட மறந்துவிட்டேன், கார் பின்பாட்டுப் பாடியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் கை நீட்டினேன். "லெட்டரைக் குடு. தேதி போடறேன்."

"பக்கத்துக் கடை இருந்துச்சா இன்னைக்கு?"

"அது எதுக்கு?"

"சும்மா கேட்டேன். இன்னொரு ஞாயிறு போகட்டும்" என்று பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கணக்கு டீச்சரோடு குடித்தனம் செய்வதில் உள்ள கஷ்டம் இது. ஒரு விடை சரியாக வந்தால் போதாது, வழிமுறையையும் காட்ட வேண்டும்.

அடுத்த ஞாயிறு நாற்பது சைக்கிள்களும் நேராக அக்காவிடம் போய் முறையிட்டன. "ஏன்க்கா போன வாரம் வரல? நாங்க இன்னா பாடு பட்டோம் தெரியுமா?" நான் இருபது அடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். குப்பத்துக் கோவில் திருவிழா என்று சொல்லிவிட்டு, அக்கா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அதில் கேலி இல்லாததுதான் தாங்க முடியவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் கடைக்குப் போய் ஒரு இட்லி கேட்டேன். நாலு வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன், இந்தக் கடையை எப்படி ஆரம்பித்தீர்கள் என்று. ஒரு லட்சியம், ஒரு வைராக்கியம், ஒரு கண்ணீர்த் துளி எதிர்பார்த்தேன்.

"அது இன்னா கத சார். ஒரு ஞாயித்துக்கெழம மீன் கூடைய வச்சிகினு பஸ்ஸுக்கு நிக்கிறேன். ஒர்த்தன் இந்த சைக்கிள்ல வந்து எறங்கினான். தண்ணி குடிக்கணும் அவனுக்கு. ஒரு கைல சைக்கிளு, ஒரு கைல பாட்லு. மூடிய எப்டி தொறப்பான்? அப்டியும் இப்டியும் சுத்திகினே கீறான். கீழயும் போட மாட்றான். இன்னாடா இதுன்னு பாத்தா, இவ்ளோ பெரிய சைக்கிளுக்கு ஸ்டாண்டே கெடையாது சார்!"

உண்மைதான். எடை கூடும் என்று அந்த விலை உயர்ந்த சைக்கிள்களுக்கு நிறுத்துதண்டு வைப்பதில்லை. இரண்டு மாதமாக எதிரில் நின்று பார்த்தும் நான் அதைப் பார்க்கவில்லை.

"மறுவாரம் வூட்டுக்காரரு கிட்ட சொல்லி, இதோ இந்த ரெண்டு மரத்துக்கு நடுவால ஒரு சவுக்குக் கட்டய இடுப்பு ஒசரத்துக்கு கட்னேன். வந்தானுங்க, சாச்சானுங்க, குந்துனானுங்க. ஒரு கட சாமான் கெடையாது அப்ப. குந்துனவன் ஒருத்தன், 'அக்கா, துன்ன எதனா கீதா'ன்னான். அதுக்கு அடுத்த வாரம்தான் இட்லி."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அவர் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் வழுவழுவென்று தேய்ந்துபோன ஒரு நீளக் கட்டை. இரண்டு மாதமாக அதை வேலி என்று நினைத்திருந்தேன். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவரிடம் ஒன்றேகால் தட்டுப் புத்தகம் இல்லை. கண் இருந்தது, அடுத்த வாரமே கட்டையைக் கட்டும் சுறுசுறுப்பு இருந்தது. நான் அத்தனை நாளும் என் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு சிங்கம் இருந்தது, சரி. சிங்கத்துக்கு சைக்கிள் எங்கே தெரியும்?

ஞானம் வந்தவுடன் செய்ய வேண்டியதைச் செய்தேன். அக்காவின் கட்டையைவிட இரண்டு மடங்கு நீளமான கட்டை வாங்கி, பெயின்ட் அடித்து, சைக்கிளுக்குக் கீறல் விழாதபடி ரப்பர் சுற்றி, என் கடை முன் கட்டினேன். அடுத்த சனிக்கிழமை அத்தனை சைக்கிள்களும் என் கட்டையில்தான் சாய்ந்தன. "சூப்பர் சார், ரொம்ப தேங்க்ஸ்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பிறகு நடந்துபோய் அக்கா கடையில் சாப்பிட்டார்கள். அக்காவின் கட்டை காலியானதால் அங்கே பெஞ்சு போட இடம் கிடைத்தது. வியாபாரம் அவருக்குத்தான் பெருகியது.

"நல்ல மன்சு சார் உனுக்கு" என்றார் அக்கா, மனப்பூர்வமாக.

நான் வீட்டிலிருந்து எனக்காகக் கொண்டுவந்திருந்த பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் பிசகில்லாமல் செய்யும் ஒரே காரியம் டிகாஷன் போடுவது. அதை நான் ஒரு திறமையாகவே கருதியதில்லை, எந்த லட்சியப் பட்டியலிலும் எழுதியதும் இல்லை. சைக்கிள் எடுக்க வந்த இருதய மருத்துவர் மோப்பம் பிடித்து நின்றார். "சார், அது... காபியா?"

"இது விக்கறதுக்கு இல்ல. கூழ் இருக்கு, தரட்டுமா?"

அக்கா அங்கிருந்தே கத்தினார். "யோவ் சார்! மூக்கால கேட்டுகினு கீறாரு மன்சன், நீ இன்னாத்துக்கு கூழ காட்ற? எங்கிட்ட மூணாவது அடுப்பு இல்லாததாலதான் இதுங்க காப்பிக்கு ஊருக்குள்ள ஓடுது. கூழ வுடு, காப்பி போடு!"

கூழை விடுவது எனக்குச் சுலபமாக இல்லை. பலகையில் சூரியகாந்தி இருந்தது. பயிலரங்கில் இலக்கை மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அன்று முழுக்க யோசித்தேன். மறுநாள் காலை அண்டா வரவில்லை. பால், ஒரு ஸ்டவ், இரண்டு பெரிய பில்டர் மட்டும் வந்தன. பலகையைத் திருப்பி மேசையாகப் போட்டு, அக்கா கடைக்கும் என் கட்டைக்கும் நடுவில் உட்கார்ந்தேன். எட்டு மணிக்குப் பால் தீர்ந்தது. அன்று அக்காவும் கடை போட்டிருந்தார், அப்படியும் நாற்பது இட்லிக்காரர்களும் என்னிடம் வந்தார்கள். இந்த முறை மனைவியிடம் வழிமுறையைக் காட்டலாம்.

இப்படி மூன்று ஞாயிறு. பிறகு மூன்று மாதம் முடியும் வெள்ளிக்கிழமை வந்தது. மனைவி பீரோவைத் திறந்து கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். பேனாவையும் பக்கத்தில் வைத்தார். இரண்டு நாள் அவகாசம் கேட்டு, ஞாயிறு காலை அக்காவிடம் போய் நின்றேன்.

"அக்கா, வேலையை விட்டுட்டு முழுசா இதுல எறங்கலாம்னு பாக்கறேன்."

வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்தினார். "வேலய வுட்டுட்டு? சனி நாயிறு சரி சார். திங்கக்கெழம யாருக்குப் போடுவ காப்பி, அந்த நாய்க்கா? நானே அஞ்சு நாளு மீன் கூட தூக்கறேன். நீ போய் ஒயுங்கா உன் கூடய தூக்கு. சனிக்கெழம வா. பாலு மட்டும் கொஞ்சம் சேத்து எட்த்துனு வா, போன வாரம் பத்தாம பூட்ச்சி."

வீட்டுக்கு வந்து மேசையைப் பார்த்தேன். கடிதத்தின் பின்பக்கத்தில் என் மனைவி ஏற்கெனவே எட்டாம் வகுப்புக்கு ஒரு வழிக்கணக்குப் போட்டு முடித்திருந்தார். விடைக்குக் கீழே இரண்டு கோடு.

திங்கட்கிழமை காலை கூடுவாஞ்சேரி ரயிலில் நின்றபடி, அலுவலகத்தில் சொல்ல வேண்டிய பதில்களைத் தயாரித்தேன். ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்டால் ஒன்று. கடை என்ன ஆச்சு என்று கேட்டால் ஒன்று. யாராவது சிரித்தால், கூடவே சேர்ந்து சிரிக்க ஒரு சிரிப்பு. கடைசியில் எல்லாவற்றுக்கும் பொதுவாக, சனி ஞாயிறுகளில் அது நடக்கிறது, காபி பிரமாதமாகப் போகிறது, ஒருநாள் வாருங்கள் என்று நிமிர்ந்து சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அது பொய்யும் இல்லை.

கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். என் இருக்கைக்கு நடந்தேன். பன்னிரண்டு வருடமாகப் பக்கத்து இருக்கையில் இருக்கும் சக ஊழியர் திரையிலிருந்து தலையைத் தூக்கினார். நான் தொண்டையைச் செருமி, மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன்.

"எங்கருந்து சார் திரும்பி?" என்றார் அவர். "நீங்க வீட்லருந்து வேலை பாக்கறீங்கன்னுல்ல நெனச்சேன். தெனம் காலைல ஆன்லைன் மீட்டிங்லகூட இருந்தீங்களே, எப்பவும் போல வாயே தொறக்காம."